ஈரத்துணி வைத்தியம்

என்னிடம் 1968-ஆம் வருஷத்துப் பியட் கார் ஒன்று இருக்கிறது. அதை விற்றுவிடும்படி சொல்லாத உறவினர் எனக்குக் கிடையாது.

சென்ற மே மாதம் அதில்தான் பொதட்டூர்பேட்டைக்குக் கிளம்பினேன். தறிக்கார நண்பர் வீட்டில் கல்யாணம். திருவள்ளூரைத் தாண்டியதும் வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. பழகிய வியாதிதான். வெயிலில் பம்ப் சூடேறி, உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிடும். பிறகு பம்ப் ஆவியோடுதான் மல்லுக்கட்டும். அதன்மேல் ஈரத்துணியைச் சுற்றிக் கால்மணி உட்கார வேண்டும். உட்கார்ந்தேன், புறப்பட்டது. திருத்தணி மலை கண்ணில் பட்டதும் மறுபடி நின்றது. முருகனுக்கு ஒரு கும்பிடு, பம்புக்கு ஒரு துண்டு.

இந்த வியாதிக்காகச் சென்னையில் என் மெக்கானிக்கோடு சண்டையே போட்டிருந்தேன். பன்னிரண்டு வருஷமாக வண்டியைப் பார்த்தவர். பம்புக்குப் புது டயாப்ரம் போட்டார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். அவர் ஓட்டிப் பார்க்கும் நாலு தெருவில் வண்டி பரம சாதுவாக ஓடும். கடைசியில் ஒருநாள், பையன்கள் எதிரிலேயே, "உங்களுக்குக் கண் மங்கிப் போச்சு" என்று சொல்லிவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. அப்புறம் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

பொதட்டூர்பேட்டையில் தறிச் சத்தம் கேட்கும் தூரத்தில் மூன்றாவது தடவை நின்றது. பக்கத்திலேயே ஒரு பட்டறை. திருத்தணி வட்டாரம் 1960-இல் ஆந்திராவிலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. பாஷைகள் மட்டும் பிரிந்துகொள்ளவில்லை. மேஸ்திரி என்னிடம் தமிழிலும் பையனிடம் தெலுங்கிலும் பேசினார். பானெட் பக்கமே போகவில்லை. பின்னால் போய், பெட்ரோல் மூடியருகே காதை வைத்துத் திருகினார். 'உஸ்' என்று ஒரு பெருமூச்சு.

"இப்போ ஸ்டார்ட் பண்ணுங்க ஸார்."

துணியுமில்லை, காத்திருப்புமில்லை, உடனே பிடித்துக்கொண்டது.

மூடியைத் திருப்பிக் காட்டினார். அடியில் சைக்கிள் ட்யூபில் வெட்டிய ரப்பர் வில்லை. 2021-இல் பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டியபோது, வாசனைகூட வீணாகக் கூடாதென்று நானே ஒட்டியது! மூடியிலிருந்த காற்றுத் துவாரத்தை அது அடைத்துவிட்டது. டாங்கியில் பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். வராவிட்டால் உள்ளே வெற்றிடம் இழுக்கும். பம்பால் அதை ஜெயிக்க முடியாது. நின்றபின் எங்கோ இடுக்கில் காற்றுக் கசிந்து போய்ச் சேரக் கால்மணி ஆகும். அந்தக் கால்மணியின் புகழைத்தான் இத்தனை நாள் ஈரத்துணி தட்டிக்கொண்டு போயிருக்கிறது.

மேஸ்திரிக்கு அதோடு திருப்தியில்லை. வில்லையை எடுத்துவிட்டு, உச்சி வெயிலில் பள்ளிப்பட்டு வரை ஓட்டச் சொல்லிக் கூடவே வந்தார். போக வர எங்கும் நிற்கவில்லை. முகூர்த்தம் தவறிவிட்டது, பந்தி தவறவில்லை.

ஊர் திரும்பியதும் பழைய மெக்கானிக்கிடம் போனேன். வில்லையை அவர்முன் வைத்து, நடந்ததைச் சொல்லி, "அன்னிக்கு நான் பேசினது தப்பு" என்றேன். அவர் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார்.

"நல்ல ரப்பர் ஸார்" என்று தம் பெட்டியில் போட்டுக்கொண்டு, பையனை டீ வாங்கி வர அனுப்பினார்.