பொட்டுக்குப் பின்னே ஒரு திருமுகம்

எழுபத்தாறு வயதில் ஒருவருக்கு அன்றாடம் என்ன வேலை இருந்துவிடப் போகிறது என்று இளையவர்கள் எண்ணுகிறார்கள். அடியேனுக்கு ஒரு துணிப்பை, ஒரு குடை, பை கொள்ளாத அளவு வேலை. விடியற்காலையில் மணக்குள விநாயகர் சந்நிதி. யானை லட்சுமி நின்று ஆசி வழங்கிய இடத்தைக் கடக்கும்போது கால் தானாகத் தயங்கும். 2022 நவம்பர் 30 அன்று அவள் மறைந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அப்புறம் பெரிய மார்க்கெட்டில் ஒரு முழம் கதம்பம், ஒரு கைப்பிடி அறுகம்புல். மருந்துக் கடை. திரும்பும் வழியில் ஒரு காபி. சர்க்கரையை விட்டுவிட்டதாக மருத்துவரிடம் சொல்லியிருக்கிறேன். கடைக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை. மாலையில், வாகனங்கள் நின்றுபோன கடற்கரைச் சாலையில் காந்தி சிலை வரை நடை.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இவ்வூரில் சிறியதொரு போட்டோ ஸ்டுடியோ நடத்தியவன் நான். திருமணம், சஷ்டியப்தபூர்த்தி, பாஸ்போர்ட் படம் எல்லாம் வயிற்றுக்காக. மனத்துக்கென்று ஆண்டில் ஒரு நாளை ஒதுக்கி வைத்திருந்தேன். அது மாசி மகம். மயிலம் முருகப்பெருமான் முதலாகச் சிற்றூர்களின் அம்மன்கள் வரை உற்சவ மூர்த்திகள் வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரி காண எழுந்தருளும் நாள். சுருளுக்குப் பன்னிரண்டு படமே தரும் 120 பிலிம். ஆகவே ஒரு மூர்த்திக்கு ஒரு படம், மிஞ்சினால் இரண்டு. கேட்டவர்களுக்குப் பிரதி போட்டுக் கொடுப்பேன். நெகடிவ்களை உறையிலிட்டு ஒரு தகரப் பெட்டியில் சேர்த்து வந்தேன்.

"அந்தப் பெட்டியைப் பரண்மேல் ஏற்றி வையுங்கள்" என்று என் மனைவி இரண்டு ஆண்டுகள் சொன்னாள். நான் ஏற்றவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தது. நீர் வடிந்தபின் பெட்டியைத் திறந்தால், பிலிமின் பூச்சு இளகி, ஒன்றோடொன்று ஒட்டி, எல்லாம் ஒரே கட்டியாகக் கிடந்தது. இருபத்தைந்து மாசி மகங்களைக் குப்பையில் கொட்டினேன். அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

சென்ற தை மாதம் வில்லியனூருக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து மூவர் வந்தனர். அவர்கள் ஊர் மாரியம்மன் உற்சவர் களவு போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. கும்பாபிஷேகத்துக்கு முன் புதிதாக வார்க்க முடிவு செய்துவிட்டார்கள். ஸ்தபதி கேட்ட கேள்விகளுக்குத்தான் ஊரில் விடையில்லை. முன் வலக்கையில் கத்தியா, சூலமா? முகம் சாந்தமா, உக்கிரமா? பெரியவர்கள் ஆளுக்கொன்று சொல்லியிருக்கிறார்கள்.

"மாசி மகத்தில் எல்லாச் சாமியையும் எடுப்பது நீங்கள்தானாமே ஐயா?"

தலை குனிந்து புயல் கதையைச் சொன்னேன். காபி குடிக்காமல் போய்விட்டார்கள். கோபத்தினால் அன்று, வருத்தத்தினால்.

மாலை நடையில் செயின்ட் லூயி வீதி வழியாகத்தான் போவேன். அங்கே 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. தென்னாட்டு ஆலயங்களின் படங்களைப் பல்லாயிரக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கும் இடம். அனந்தமங்கலம் இராஜகோபால சுவாமி கோயிலின் இராமர், இலட்சுமணர், சீதை திருமேனிகள் 1978இல் களவு போயின. அவற்றை 1958லேயே இந்த நிறுவனத்தார் படமெடுத்து வைத்திருந்தார்கள். அந்தப் படங்களை வைத்து அடையாளம் கண்டதால்தான் 2020இல் இலண்டனிலிருந்து பெருமான் ஊர் திரும்பினார். இதே நகரில் 1748இல் பழைய வேதபுரீஸ்வரர் ஆலயம் இடிக்கப்பட்டபோது படக்கருவியே பிறக்கவில்லை. ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்ததுதான் நமக்கு மிச்சம். எழுதவும் எடுக்கவும் தெரிந்தவர்கள் தம் கடமையைச் செய்திருக்கிறார்கள். நான் எடுத்தேன், காக்கவில்லை. அன்று காந்தி சிலை வரை போகாமல் பாதியிலேயே திரும்பினேன்.

மறுநாள் ஒரு யோசனை தோன்றியது. நெகடிவ்தானே போயிற்று? பிரதி வாங்கியவர்கள் இருக்கிறார்களே! கணக்குப் புத்தகமும் பெட்டியோடு போய்விட்டதால், நினைவில் இருந்த வீடுகளை வைத்துக்கொண்டு புறப்பட்டேன். மார்க்கெட் முடிந்ததும் நாளுக்கு ஒரு தெரு. இந்தத் தேடலில் கிடைத்த இன்பத்தையும் மறைக்கக் கூடாது. நான் எடுத்த மணமக்கள் சுவரில் இருக்க, அவர்களின் பேரன் கதவைத் திறப்பான். ஒரு வீட்டில் முறுக்கு, இன்னொன்றில் நீர்மோர். மாரியம்மன் மட்டும் கிடைக்கவில்லை.

பதினேழாம் நாள் என்று நினைவு. முத்தியால்பேட்டையில் எண்பதைக் கடந்த ஓர் அம்மாள் என்னை உற்றுப் பார்த்து, "கடற்கரையில் குடை பிடித்துக்கொண்டு படமெடுத்த தம்பிதானே நீ?" என்றார். அவர் பிறந்த ஊரே அந்தச் சிற்றூர்தான். பூஜை அறைக்கு அழைத்துப் போனார். படம் இருந்தது. ஆனால் முப்பத்தைந்து ஆண்டு வெள்ளிக்கிழமைகளின் சந்தனமும் குங்குமமும் கண்ணாடியில் ஏறி, திருமுகம் தெரியவில்லை.

"துடைக்கலாமா அம்மா?" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. சுமங்கலியாக இட்டுத் தொடங்கிய பொட்டு அது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. "வெள்ளிக்கிழமை வா" என்றார். மூன்று நாள் உறக்கமில்லை.

வெள்ளியன்று போனபோது அவரே தலைக்குக் குளித்து, ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்து முடித்திருந்தார். கடல் காற்றின் ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. பிரித்தால் பூச்சு உரிந்துவிடும். அப்படியே கண்ணாடியின் மேல்தான் எடுக்க வேண்டும். எதிரொளி விழாமலிருக்கப் பின்னால் ஒரு கறுப்புத் துணி பிடிக்கச் சொன்னேன். "பூஜை அறையில் கறுப்பா?" என்று சினந்து, பெட்டியிலிருந்து ஒரு கரும்பச்சைப் பட்டுப் புடவையை எடுத்து வந்தார். பேரன் அதை விரித்துப் பிடிக்க, அவனுடைய செல்பேசியிலேயே எடுத்தேன். கை நடுங்கியதால் ஆறு முறை.

சாந்த முகம். உதட்டோரம் மெல்லிய நகை. முன் வலக்கையில் கத்தி. இடக்கையை மாலை மறைத்திருந்தது. பீடத்தின் பக்கம் கறை. படத்தைக் கண்ட ஊர்ப் பெரியவர் ஒருவர், "சூலம் என்றல்லவா சத்தியம் செய்தேன்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். இடக்கையைப் பற்றி இன்னும் வாதம் நடக்கிறது. இந்த அளவு போதும், வேலையைத் தொடங்கலாம் என்று ஸ்தபதி சொல்லிவிட்டார்.

பத்துப் பிரதிகள் போட்டுக் கொடுத்தேன். பத்து வீடுகளில் வைக்கச் சொன்னேன். தரையில் வைக்காதீர்கள் என்றும் சொன்னேன். பதினொன்றாவது முத்தியால்பேட்டை அம்மாளுக்கு. கண்ணாடி படத்தில் படாதபடி நடுவே அட்டை வைத்து பிரேம் போடக் கொடுத்திருக்கிறேன். பொட்டு வைக்க நெற்றிக்கு மேலே கொஞ்சம் இடம் விடச் சொன்னபோது கடைக்காரர் சிரித்தார். நாளை பூ வாங்கிய கையோடு அதை வாங்கிக்கொண்டு முத்தியால்பேட்டைக்குப் போக வேண்டும். நாளை வெள்ளிக்கிழமை.