பிப்ரவரியில போங்க பாஸ்!

செரங்கெட்டி சஃபாரின்னாலே பலரும் ஆகஸ்ட்டுக்குத்தான் டிக்கெட் போடறாங்க. மாரா ஆறு, அதில் குதிக்கும் வில்டபீஸ்ட் கூட்டம், காத்திருக்கும் முதலைகள்... எல்லாம் டி.வி. பண்ணின வேலை! ஆனா, கூட்டம் எந்த நாள் ஆத்துல இறங்கும்னு யாராலும் சொல்ல முடியாது. நாள் முழுக்க ஜீப்பில் தேவுடு காக்கணும்.

என்னைக் கேட்டா, பிப்ரவரி! தான்சானியாவில் செரங்கெட்டியின் தெற்கே, இண்டுட்டு புல்வெளி. சில வாரத்துக்குள்ள லட்சக்கணக்கில் கன்றுகள் பிறக்கும். பிறந்த சில நிமிஷத்திலேயே எழுந்து நிக்கணும். ஏன்னா, பக்கத்திலேயே சிவிங்கிப்புலி, கழுதைப்புலி. மொத்தமா பிறக்கிறதே ஒரு தந்திரம்தான். வேட்டை மிருகம் எத்தனையைத்தான் தின்னும்?

பட்ஜெட்? ஜீப் வாடகையை ஆறு பேர் பங்கு போடலாம். நுழைவுக் கட்டணம் தலைக்கு இவ்வளவுன்னு தனித்தனி. இண்டுட்டு பக்கம் எல்லை தாண்டினா கொரொங்கோரோ பகுதி. அதுக்கு வேற கட்டணம். முன்பணம் தர்றதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க!