கவ்வாத்துக் கத்தியும் ஐம்பது ஓட்டங்களும்

2023 செப்டம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்து லயத்தில், என் தகப்பனாரின் நண்பரான ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவரின் வீட்டிலிருந்தேன். ஆசியக் கிண்ண இறுதிப் போட்டி. தேநீர் ஆறுவதற்குள் சிராஜ் பாதி அணியை அனுப்பிவிட்டிருந்தார். 15.2 ஓவர்களில் இலங்கை 50 ஓட்டங்களுக்குச் சுருண்டது. லயத்தில் இந்தியாவுக்குக் கைதட்டும் சிலர் எப்போதும் உண்டு. அன்று அவர்களும் கைதட்டவில்லை.

"தொர மாறினா கவ்வாத்தும் மாறுது தம்பி. செடிக்கு என்ன தெரியும்?" என்றார் மாமா.

மலையகத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியை வெட்டி இறக்குவது கவ்வாத்து. வெட்டியபின் சில மாதங்கள் கொழுந்து கிடையாது. அந்த இடைவெளியைப் பொறுக்காமல் புதிய துரை வேறொரு முறையைத் தொடங்கினால் மலையே கெட்டுப்போகும்.

அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். 2011 உலகக் கிண்ண இறுதிப் போட்டிக்குப் பின் டிரெவர் பெய்லிஸ் விலகியதிலிருந்து, தற்காலிகப் பயிற்றுநர்களையும் சேர்த்தால், இரு கை விரல்களும் போதவில்லை. ஜெஃப் மார்ஷ் 2011 செப்டம்பரில் வந்தார். 2012 ஜனவரியில் பார்ல் நகரில் அணி 43 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. அம்மாதமே அவரும் நீக்கப்பட்டார். கிரஹம் ஃபோர்ட் வந்தார், போனார், மறுபடியும் வந்தார், மறுபடியும் போனார். பால் ஃபார்பிரேஸ் 2014-இல் இருபது ஓவர் உலகக் கிண்ணத்தை வென்றுகொடுத்த கையோடு இங்கிலாந்துக்குச் சென்றுவிட்டார். அத்தபத்து, ஹத்துருசிங்க, மிக்கி ஆர்தர், சில்வர்வுட் என்று பட்டியல் நீளும். தலைவர்களும் நிலைக்கவில்லை. 2017-இல் மட்டும் மெத்யூஸ், தரங்க, கப்புகெதர, மாலிங்க, திசர ஆகியோர் ஒருநாள் அணிக்குத் தலைமை தாங்கினர்.

ஆயினும் மாமாவின் உவமையை நான் முழுமையாக ஏற்கவில்லை. முன்பும் பயிற்றுநர்கள் மாறினார்கள். டாம் மூடி இருந்தது ஏறத்தாழ இரண்டே ஆண்டுகள். 2007-இல் இறுதிப் போட்டிவரை போனோம். அப்போது யார் வந்தாலும் ஜயவர்தனவும் சங்கக்காரவும் துடுப்பெடுத்தாடினார்கள். 2006-இல் இருவரும் இணைந்து குவித்த 624 ஓட்டங்களுக்கு எந்தப் பயிற்றுநரும் உரிமை கோர முடியாது. 2015-இல் இருவரும் முற்றாக ஓய்வுபெற்றபின், அவர்கள் மறைத்து வைத்திருந்த வெறுமை வெளியே தெரிந்தது. முதல்தரப் போட்டிகளில் இருபதுக்கும் மேற்பட்ட கழகங்கள். தரமோ அத்தனையாகச் சிதறியிருந்தது. அக்கழகங்களில் பெரும்பாலானவை கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தவை. ராதல்லையில் துரைமார் அமைத்த அழகிய மைதானம் உண்டு. அதன் வேலிக்கு வெளியே நின்று பந்து பொறுக்கியவர்களின் பேரப்பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தோற்பந்து கையில் கிடைத்தது? முரளிதரனின் பாட்டனார் தேயிலைத் தோட்டத்துக்குத்தான் வந்தார். ஆனால் முரளி கண்டியில், வசதியுள்ள குடும்பத்தில், நல்ல பாடசாலையில் வளர்ந்தவர். லயத்திலிருந்து நேரே வந்தவரல்லர்.

என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு பயிற்றுநர் வந்திறங்கியபோதும் 'புதிய அத்தியாயம்' என்று தலைப்பிட்டவன் நான். ஆறு மாதத்தில் தோற்றதும் 'பதவி விலகுவாரா?' என்று கேட்டவனும் நானே. மாகாணப் பாடசாலை மைதானங்களைப் பற்றி ஒரு தொடர் எழுத வேண்டும் என்று ஆசிரியரிடம் கேட்டபோது இடமில்லை என்றார். நானும் வற்புறுத்தவில்லை.

2024-இல் சனத் ஜயசூரிய பொறுப்பேற்றார். அந்த ஆகஸ்டில் இந்தியாவை ஒருநாள் தொடரில் 2-0 என்று வென்றோம். நவம்பரில் டர்பன் டெஸ்டில் 42 ஓட்டங்களுக்குள் அடங்கினோம். நமது டெஸ்ட் வரலாற்றில் அதுவே மிகக் குறைந்த எண்ணிக்கை.

அன்று மாலை மாமா தொலைபேசியில் அழைத்தார். "இவரையும் மாத்தணும்னு எழுதிப்புடாத தம்பி" என்றார். கட்டுரை பாதி எழுதி முடிந்திருந்தது. தலைப்பை அழித்துவிட்டு, தோட்டத்துப் பையன்கள் எங்கே விளையாடுகிறார்கள் என்று அவரிடம் கேட்டேன். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு முன்னால், மழை இல்லாத நாட்களில் மட்டும் என்றார்.