மூச்சுக் கணக்கு

கிராணி உத்தியோகம் என்பது கணக்கெழுதும் உத்தியோகம். காலைப் பெரட்டுக்கு வந்தோர் எத்தனை பேர், லோரி ஏறிய செம்பனைக் குலை எத்தனை டன், ஸ்டோரில் எஞ்சிய உரமூட்டை எத்தனை என்று எண்ணி எண்ணியே நமது பொழுது கழிகின்றது. இவ்வாறு எண்ணிப் பழகிய நாம், உறங்குகின்ற ஒரு நாயின் மூச்சை எண்ண வேண்டிய காலத்தில் எண்ணாது விட்டோம். அதனால் நேர்ந்த நட்டத்தை எந்தப் பேரேட்டிலும் ஈடு செய்ய இயலவில்லை. அதனை இங்கு எழுதுவது பிறர் இரக்கத்தைத் தேடுவதற்கன்று. தோட்டத்திலும் பட்டணத்திலும் நாய் பூனை வளர்க்கும் நமது சகோதர சகோதரிகளுக்கு ஒரு சிறிது பயன்படலாம் என்னும் எண்ணத்தினாலேயே எழுதுகின்றோம்.

நமது தோட்டம் கீழ்ப் பேராவில், தெலுக் இந்தானுக்கு அப்பால், கடலோரத்தை அடுத்துள்ளது. ஆபீசு வராந்தாவில் மணி என்றொரு நாய் இருந்தது. உருவிற் சிறியது, பழுப்பு நிறம், வயது பத்துக்குக் குறையாது. யாருடைய நாய் என்று கேட்டால் தோட்டத்தின் நாய் என்பார்கள். ஆனால் சோறு வைத்தவர் நாம். ஆதலின் பொறுப்பும் நம்முடையதே. 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது இரவில் இருமத் தொடங்கிற்று. தொண்டையில் எலும்பு சிக்கியது என்றார் ஒருவர். கண்ணேறு என்று கூறி மந்திரித்த கயிறு ஒன்றைக் கொணர்ந்து கட்டினார் மற்றொருவர். கயிறு கட்டியவரைப் பார்த்து நாம் நகைத்தோம். ஆங்கிலங் கற்றவரல்லவா! ஆனால் அவ்வாறு நகைத்த நாம் செய்தது யாது?

ஒரு ஞாயிறன்று காலை, மணியைப் பிடித்து உரக்கோணியிற் போட்டு, தலை மட்டும் வெளியே தெரியுமாறு வாயைக் கட்டி, மோட்டார் சைக்கிளின் முன்புறம் வைத்துக்கொண்டு பட்டணத்து மிருக வைத்தியரிடம் சென்றோம். வழியெல்லாம் அது நடுங்கிற்று. வைத்தியசாலையில் முன்னும் பின்னும் நாய்கள் குரைக்க, ஒரு மணி நேரம் கோணியிலேயே காத்துக் கிடந்தது. மேசைமீது ஏற்றியபோது வழுவழுப்பான தகட்டில் கால் நிற்கவில்லை, சிறுநீர் கழித்துவிட்டது, நாமும் வேறிருவரும் அமுக்கிப் பிடித்தோம். வைத்தியர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்து நெடுநேரம் கேட்டார். பின்னர், "இருதயத்தில் ஏதோ சத்தம் இருப்பதாகத் தோன்றுகிறது. ஆனால் இந்தப் பயத்தின் வேகத்திலும் மூச்சிரைப்பிலும் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. அடுத்த வாரம் அமைதியாகக் கொண்டுவாருங்கள்; படம் எடுத்துப் பார்ப்போம்" என்றார்.

அடுத்த வாரம் வந்தது. கோணியைக் கையிலெடுத்த மாத்திரத்தில் மணி செம்பனைக் காட்டுக்குள் ஓடி மறைந்தது. அதன் பின்னர் நமது மோட்டார் சைக்கிள் உறுமுங்கால் எல்லாம் அது ஒளிந்தது. இரண்டு முறை முயன்றோம். மூன்றாம் முறை முயலவில்லை. மாதக் கணக்கு முடிக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது. மூன்று மாதம் சென்ற பிறகு ஓரிரவு அது வராந்தாவில் நின்றவாறே கழுத்தை நீட்டி மூச்சுக்குத் திணறிற்று. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. பட்டணம் போய்ச் சேருமுன் உயிர் பிரிந்தது.

மறுநாள் ஆபீசு வாயிலில் ஆயாக்கொட்டகைப் பாட்டி நின்றார். நம்மைக் குழந்தைப் பருவத்தில் தூக்கி வளர்த்தவர், எழுத்தறியாதவர். "கிராணி ஐயா, கோணியிலே கட்டிக்கொண்டு போனால் மனுசருக்கே நெஞ்சு அடைத்துப் போகுமே. வாயில்லாச் சீவன் என்ன செய்யும்?" என்றார். நாம் விடை கூறவில்லை. கூற விடையும் இல்லை.

நிற்க. பாட்டியார் ஒரு சொல்லிற் கூறியதை மேனாட்டார் சோதனை செய்து கண்டிருக்கின்றனர். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் உடலியல் பேராசிரியராயிருந்த வால்டர் கேனன் என்பார் 1911ஆம் ஆண்டில் ஒரு பூனையின் எதிரே நாயைக் குரைக்க வைத்தார். பூனை அமைதியாக இருந்தபோது எடுத்த இரத்தத்தையும், அஞ்சிய பின்னர் எடுத்த இரத்தத்தையும் ஒப்பிட்டார். பின்னதில் அட்ரினலின் என்னும் சுரப்புநீர் கலந்திருந்தது. அச்சம் மனத்தோடு நிற்பதன்று. சிறுநீரகத்தின் மேலுள்ள சிறு சுரப்பிகளின் வழியே இரத்தத்திற் கலந்து, இருதயத்தை விரைவுபடுத்தி, இரத்தத்தின் அழுத்தத்தையும் சர்க்கரையையும் உயர்த்துவது என்பதை 1915இல் ஒரு நூலாகவே எழுதினார். இக்கேனனை நாம் கல்லூரி நாளிலேயே படித்துப் பரீட்சையும் எழுதியிருந்தோம். படித்தது ஏட்டில் நின்றது. கோணி கையில் வந்தது. ஏட்டில் நின்ற கல்விக்கும் கழுத்தில் தொங்கிய மந்திரக் கயிற்றுக்கும் பயனளவில் என்ன வேற்றுமை?

அச்சம் இருவகையில் கேடு செய்கின்றது. நோயுற்ற இருதயத்தின்மேல் தாங்கவொண்ணாச் சுமையை ஏற்றுவது ஒன்று. மூச்சுக்குத் திணறும் பூனையைப் பலர் கூடி அமுக்கிப் பிடித்தால், அப்பிடியிலேயே அது இறந்துவிடுதலும் உண்டு. நோயை மறைத்துவிடுவது மற்றொன்று. அஞ்சிய பூனைக்கு, நோயில்லாத இருதயத்திலும் சத்தம் எழக்கூடும். சர்க்கரை ஏறி நீரிழிவு போலத் தோன்றக்கூடும். நாய் இரைத்தால் வைத்தியரின் காதுக்கு இரைப்பே கேட்கும், இருதயம் கேளாது.

இனி நோய் யாது என்பதையும் சிறிது கூறுவோம். முதிர்ந்த சிறிய நாய்களுக்கு மிகுதியாக வருவது வால்வு நோய். நமது தோட்டத்தில் கடல்நீர் வாய்க்காலில் ஏறாதபடி மதகு கட்டியிருப்பதை அன்பர்கள் அறிவர். மதகுப் பலகை தடித்துக் கோணிப் போனால் நீர் பின்னே கசியும். அவ்வாறே இருதயத்தின் இடப்புறத்து மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள வால்வு தடித்துச் சரிவர மூடாதபோது, இரத்தம் பின்னோக்கிக் கசிகின்றது. அக்கசிவின் ஓசையே வைத்தியர் கேட்கும் சத்தம். நாளடைவில் இருதயம் பெருத்து, நுரையீரலில் நீர் கோக்கின்றது. இருதயம் பெருத்தும் நோய்க்குறி தோன்றாத நாய்களுக்கு பிமோபெண்டன் என்னும் மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சி ஒன்று 2016இல் வெளியாயிற்று. மருந்துண்ட நாய்களுக்கு இருதயம் தளரும் காலம் சுமார் 15 மாதம் பின்தள்ளிப் போயிற்று. ஒரு நாயின் ஆயுளில் 15 மாதம் எத்துணைப் பெரிது என்பதை எண்ணிப் பாருங்கள்! நோயை முன்னரே கண்டால்தான் அம்மாதங்கள் கிட்டும். அமைதியாகச் சோதித்தால்தான் முன்னரே காணலாகும்.

இரண்டாவது, இருதயப் புழு. இது கொசுவினால் பரவுவது. நமது நாட்டிலும் உள்ளது. நோயுற்ற நாயைக் கடித்த கொசு மற்றொன்றைக் கடிக்கும்போது நுண்புழு உடலிற் புகுந்து, ஆறேழு மாதத்தில் முதிர்ந்து, நுரையீரலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களிலும் இருதயத்தின் வலப்புறத்திலும் குடிகொள்ளும். பெண்புழு ஓரடி நீளமும் வளரும். வந்தபின் தீர்ப்பது அரிது, செலவும் அதிகம். வராமற் காக்க மாதந்தோறும் கொடுக்கும் மருந்து உண்டு. முதலில் இரத்தம் சோதித்து, வைத்தியர் அளவு குறித்த பின்னரே அதனைத் தொடங்க வேண்டும். லயத்துச் சாக்கடையிலும் காலி டின்னிலும் நீர் தேங்காமற் பார்ப்பது நமது பிள்ளைகளுக்கும் நல்லது, நாய்களுக்கும் நல்லது.

பூனைக்கு வருவது பெரும்பாலும் இருதயத் தசை தடிக்கும் நோய். பூனை இதனை வெளிக்காட்டாது, சத்தமும் கேளாதிருக்கலாம், ஒலியலைப் படம் எடுத்தே தெளிய வேண்டியிருக்கும். பூனை வாய் திறந்து இரைத்தாலும், பின்னங்கால்கள் திடீரென விழுந்து குளிர்ந்துபோனாலும், ஒரு நாழிகையும் தாமதியாமல் வைத்தியரிடம் விரைதல் வேண்டும். தவிரவும், டாரின் என்னும் சத்து குறைந்தாலும் பூனையின் இருதயம் தளர்ந்துபோகும் என்பது 1987இல் கலிபோர்னியாவில் கண்டறியப்பட்டது. அச்சத்து இறைச்சியிலும் மீனிலும் உள்ளது, சோற்றில் இல்லை. ஆதலின் பூனைக்கு வெறுஞ்சோறோ, நாய்க்குரிய தீனியோ மட்டும் இட்டு வளர்த்தல் தகாது.

மணி போன பின் நாம் கற்றதைச் செய்து பார்க்கும் வாய்ப்பு 2022இல் வந்தது. நமது அன்னையார் வளர்க்கும் பூனை முன்போல் மாடியேறாது சோர்ந்து படுத்தது. அன்னையார், "தம்பி, மணியைக் கொண்டுபோனது போல் இதைக் கொண்டுபோகாதே" என்றார். அச்சொல் நெஞ்சில் தைத்தது. அன்றே கூடை ஒன்று வாங்கினோம். மூடி மேற்புறம் கழலுவது. அதனைக் கூடத்தில் திறந்து வைத்து, அன்னையாரின் பழஞ்சேலைத் துண்டை விரித்து, நாள்தோறும் அதனுள்ளே ஒரு துண்டு மீன் வைத்தோம். ஐந்தாம் நாள் பூனை தானே உள்ளே சென்று உறங்கிற்று. காதையும் பாதத்தையும் வயிற்றையும் மெல்லத் தொட்டுத் தொட்டுப் பழக்கினோம். வைத்தியரிடம் தொலைபேசியில் முன்னரே பேசி, கூட்டமில்லா நேரம் கேட்டு வாங்கினோம். புறப்படுமுன் கொடுக்க அவர் ஒரு மருந்து தந்தார். இத்தகைய மருந்தை வைத்தியர் தந்தாலன்றிக் கொடுத்தல் கூடாது. மனிதர் விழுங்கும் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொன்றுவிடும்.

கூடையைத் துண்டால் மூடி, அண்டை வீட்டாரின் காரில் சென்றோம். நாய்கள் இருக்கும் இடத்தில் அமராமல், நமது முறை வரும் வரையில் காரிலேயே காத்திருந்தோம். வைத்தியர் மேற்கூட்டைக் கழற்றி, பூனையைத் தூக்காமல், கூடையின் அடிப்பாதியிலேயே இருக்கவிட்டுச் சேலைத் துண்டோடு சோதித்தார். பிடரியைப் பற்றவில்லை, அதட்டவில்லை. அன்னையார் அருகில் நின்று பேசிக்கொண்டேயிருந்தார். இருதயம் தெளிவாகக் கேட்டது. படமும் எடுத்தார்கள். தசை தடித்திருந்தது, ஆயினும் தொடக்க நிலை. "தக்க சமயத்தில் கொண்டுவந்தீர்கள்" என்றார் வைத்தியர். அச்சொல்லைக் கேட்டு மகிழ்ந்தோம் எனில் அது பாதி உண்மை. மற்றப் பாதி மணியை நினைத்துக்கொண்டது.

மூச்சை எண்ணும் முறையை அன்றுதான் அறிந்தோம். நாயோ பூனையோ ஆழ்ந்து உறங்கும்போது நெஞ்சு ஒருமுறை எழுந்து தாழ்வது ஒரு மூச்சு. கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பெரும்பாலும் 30க்குக் குறைந்தே இருக்கும். நாள்தோறும் அதற்கு மேல் ஏறினால் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். இதற்குக் காசு வேண்டா, கல்வியும் வேண்டா, எண்ணத் தெரிந்தாற் போதும். வராந்தாவில் மணி உறங்கிய இரவுகள் எத்தனை! அருகிலமர்ந்து நாம் குலைக் கணக்கு எழுதிய இரவுகளும் அத்தனையே. ஒரு நிமிடம் பேனாவை வைத்துவிட்டுத் திரும்பியிருந்தால் கணக்கு தெரிந்திருக்கும்.

ஏழைத் தொழிலாளிக்கு மனிதர் வைத்தியமே அரிதாயிருக்க, நாய்க்கு இத்தனை உபசாரமா என்று கேட்பார் உண்டு. அக்கேள்வியை நாம் இகழவில்லை. வைத்தியச் செலவு வெள்ளிக் கணக்கில் பெரிதென்பதையும் அறிவோம். ஆனால் கூடையைத் திறந்து வைப்பதற்கும், துண்டால் மூடுவதற்கும், அடிக்காமல் தொடுவதற்கும் செலவு என்ன? இந்நாட்டில் 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், வளர்ப்பவர் தம் பிராணியை நோவினின்றும் நோயினின்றும் காக்கக் கடமைப்பட்டவர் என்கின்றது. சட்டத்திற்கு அஞ்சிச் செய்வதினும் அறிந்து செய்வதே மேன்மை. பைரவர் வாகனமென்று கும்பிட்டுவிட்டுக் கல்லால் அடிப்பதும், குறுக்கே போன பூனையைச் சகுனத்தடையென்று வைவதும், நம்மைப்போல் கற்றும் கோணியிற் கட்டுவதும், யாவும் ஒரே அறியாமையின் கிளைகளே.

அன்னையாரின் பூனை இதனை எழுதும்போது மேசையின் கீழ் உறங்குகின்றது. பேனாவை வைத்துவிட்டு எண்ணினோம்: ஒரு நிமிடத்திற்கு 22. நாட்குறிப்பில் எழுதிக்கொண்டோம். இன்றிரவு நமது வீட்டில் உறங்கும் வாயில்லாச் சீவனுக்காக, அன்பர்களும் ஒரு நிமிடம் எண்ணிப் பார்ப்பார்களாக.