காலேஜ் பாடம் பள்ளிக்கு வந்தது!

பி.யூ.சி. என்று ஒரு படிப்பு இருந்தது, நினைவிருக்கிறதா? இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால், ஏதோ வாகனப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் என்று நினைக்கிறார்கள்! பதினோரு வருடம் பள்ளியில் படித்து எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்கள், காலேஜில் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் படித்த புகுமுக வகுப்பு அது. அதில் நேச்சுரல் சயின்ஸ் எடுத்தால்தான் பிறகு டாக்டருக்கோ, தாவரவியல், விலங்கியல் பட்டத்துக்கோ போக முடியும். பாடமெல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழில் படித்துவிட்டு வந்த பெண்கள் அந்த ஒரு வருடத்தில் திணறிப் போவார்கள். 'பி.யூ.சி. பெயில்' என்று கல்யாணப் பத்திரிகையில்கூடப் போட்டுக்கொண்ட காலம் அது.

கோத்தாரி குழு 1964-66ல் சொன்ன பத்து, இரண்டு, மூன்று என்ற ஏற்பாடு தமிழ்நாட்டில் 1978ல் நடைமுறைக்கு வந்தது. பி.யூ.சி. போயிற்று, பள்ளியிலேயே பதினொன்று, பன்னிரண்டு வகுப்புகள் வந்தன. அப்போது எங்கள் புதுச்சேரிக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை (எங்களுக்கென்று பல்கலைக்கழகம் வந்தது 1985ல்தான்). பள்ளிகளிலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். ஆகவே இந்த மாற்றம் எங்களுக்கும் வந்து சேர்ந்தது. காலேஜ் வாசலுக்குள் இருந்த உயிரியல் பாடம் ஸ்கூல் வாசலுக்குள் வந்துவிட்டது. பெரியவர்களுக்கு இது நிர்வாக விஷயம். எங்கள் வீட்டில் இது தலையெழுத்து விஷயம்.

என் அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். 1975ல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தாள். என்னைவிடக் கெட்டிக்காரி, இதை நான் அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. சயின்சில் நல்ல மார்க். புதுச்சேரியில் பெண்களுக்கென்றே பாரதிதாசன் அரசு மகளிர் கல்லூரி 1968லேயே வந்துவிட்டது. 'ஆண்பிள்ளைகளோடு உட்காரணுமே' என்ற சாக்குக்கும் வழியில்லை. ஆனாலும் அப்பா அனுப்பவில்லை. முதலியார்பேட்டை ரோடியர் மில்லில் கணக்கெழுதுகிற வேலை அவருக்கு. கோபக்காரர் அல்ல, கணக்குப் போடுகிறவர். "காலேஜ் படிச்ச பொண்ணுன்னா அதுக்கு மேல படிச்ச மாப்பிள்ளை தேடணும். எங்கிட்ட அதுக்கு வசதி ஏது?" என்றார். அடுத்த வருடமே வில்லியனூரில் அக்காவுக்குக் கல்யாணம் முடிந்தது.

நான் பத்தாம் வகுப்பு முடித்தது 1980ல். மேலே படிக்க வேண்டும் என்று சொல்லப் பயந்துகொண்டு நின்றேன். அப்பா கேட்டது ஒரே கேள்வி: "எங்க போய்ப் படிக்கணும்?"

"அதே ஸ்கூல்தாம்பா."

"ஸ்கூல்தானே? போயிட்டு வா!"

அவ்வளவுதான். அக்காவுக்கு மறுக்கப்பட்ட அதே பாடம். கட்டிடமும் பெயரும்தான் வேறு. அதே தாவணி, அதே டிபன் டப்பா, அதே தெரு வழியாக நடை. யாரும் எதுவும் கேட்கவில்லை. வாசல் மாறினால் வீட்டுச் சட்டமே மாறிவிடுகிறது பாருங்கள்!

வகுப்பு எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? பாடம் காலேஜ் தரம். ஆய்வுக்கூடமோ பழைய தையல் வகுப்பறை. ஒரே ஒரு மைக்ராஸ்கோப், முப்பத்தெட்டு பெண்கள். வரிசையில் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கு அரை நிமிஷம் பார்ப்போம். வெங்காயத் தோலின் செல்களை முதன்முதலில் பார்த்தபோது, செங்கல் அடுக்கிய சுவர் மாதிரி இருந்தது. தினமும் உரித்துக் குப்பையில் போடுகிற தோலுக்குள்ளே இவ்வளவு ஒழுங்கா என்று அன்றைக்குப் பூராவும் அதே நினைப்பு.

தமிழ் மீடியம் என்பதால் பாடம் புரிந்தது. இது சின்ன விஷயமில்லை. 'சவ்வூடு பரவல்' என்று படித்தவுடனேயே, சவ்வு வழியாக ஏதோ பரவுகிறது என்று பாதி விளங்கிவிடும். மீதியை உருளைக்கிழங்கு சொல்லிக் கொடுத்தது. நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். பெரிய கிழங்காக எடுத்து, தோலைச் சீவி, அடியைத் தட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள். மேலே கிண்ணம் மாதிரிக் குழித்து, கெட்டியான சர்க்கரைத் தண்ணீரைப் பாதிக்கு ஊற்றுங்கள். தண்ணீர் மட்டத்துக்கு நேராக ஒரு குண்டூசியைக் குத்தி அடையாளம் வைத்து, கிழங்கைத் தண்ணீர் உள்ள தட்டில் நிறுத்திவிடுங்கள். சில மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் குழியில் மட்டம் ஊசிக்கு மேலே ஏறியிருக்கும்! தட்டுத் தண்ணீர் கிழங்கின் செல்கள் வழியாகச் சர்க்கரை இருக்கும் பக்கம் போய்விட்டது. மாங்காயில் உப்புப் போட்டுக் குலுக்கி வைத்தால் மறுநாள் தண்ணீர் விட்டுக்கொள்கிறதே, அதுவும் இதே சமாசாரம்தான். இதைச் சொன்னதும் அம்மா, "இதைக் கத்துக்கவா ரெண்டு வருஷம்?" என்றாள்.

தவளை அறுப்பதைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அந்தக் காலத்து பிளஸ் டூ பெண்கள் கோபித்துக்கொள்வார்கள். மெழுகுத் தட்டு, குளோரோபார்ம் வாசனை, நாலு பக்கமும் ஊசி. எனக்கு அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. இப்போது அதெல்லாம் இல்லை. தவளைக் கால் ஏற்றுமதியையே 1987ல் இந்தியா நிறுத்திவிட்டது. 2014ல் பல்கலைக்கழக மானியக் குழுவும் கல்லூரிகளில் விலங்குகளை அறுக்கும் வழக்கத்துக்கு முடிவு கட்டியது. நல்லதுதான். ஆனாலும் திறந்த மார்புக்குள் அந்தச் சின்ன இதயம் துடித்ததைப் பார்த்தது, எந்தப் படமும் தராத பாடம் என்பது என் அபிப்பிராயம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 1981 ஐப்பசியில் அக்காவுக்கு மூன்றாவதும் பெண் பிறந்தது. பிரசவம் எங்கள் வீட்டில். பேர் வைக்கிற அன்று வந்த அக்காவின் மாமியார் குழந்தையைத் தொடவில்லை. திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, எல்லோர் காதிலும் விழும்படி, "மூணும் பொட்டையாப் போச்சு. எம்புள்ளைக்கு ஒரு வாரிசு வேணாமா? வேற எடத்துல பாருன்னு சொந்தக்காரங்கள்லாம் சொல்றாங்க" என்றார்கள். அக்கா உள்ளே குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அந்த மாதம்தான் எங்களுக்கு மரபியல் பாடம் நடந்துகொண்டிருந்தது. மனித செல்லில் 23 ஜோடி, அதாவது 46 குரோமோசோம்கள். அதில் ஒரு ஜோடிதான் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. பெண்ணுக்கு அந்த ஜோடி இரண்டு எக்ஸ். ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். தாயின் கருமுட்டையில் எப்போதும் எக்ஸ்தான் இருக்கும், அவளிடம் வேறு எதுவும் கிடையாது. தந்தையின் விந்தணுவில் பாதி எக்ஸ், பாதி ஒய். எக்ஸ் வந்து சேர்ந்தால் பெண், ஒய் வந்து சேர்ந்தால் ஆண். டீச்சர் இதைக் கரும்பலகையில் கட்டம் போட்டுக் காட்டியபோது வகுப்பே நிசப்தமாகிவிட்டது. எத்தனை வீட்டுத் திண்ணைகள் எத்தனை பெண்களின் மனசில் ஓடியதோ!

இந்த உண்மையை நிலைநாட்டியவர்களில் ஒருவர் பெண் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1905ல், மாவில் வளரும் ஒரு வண்டின் செல்களைப் பார்த்து, ஆண் பூச்சியிடம் மட்டும் ஒரு குட்டிக் குரோமோசோம் இருப்பதைக் கண்டுபிடித்தார். நாம் மாவைச் சலித்துப் புழுவைத் தூக்கி எறிகிறோம். அந்த அம்மாள் அதை மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்திருக்கிறார்!

அன்று ராத்திரி நோட்டை எடுத்துப்போய் அப்பாவிடம் காட்டினேன். இந்தப் பேச்சையெல்லாம் தகப்பனாரிடம் ஒரு பெண் பேசுவதா என்று கூச்சமாகத்தான் இருந்தது. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இது புஸ்தகத்துல இருக்கா, நீயா எழுதினியா?"

"புஸ்தகத்துல இருக்குப்பா."

"சர்க்கார் புஸ்தகமா?"

"ஆமாம்ப்பா."

மறுநாள் சாயங்காலம் அந்தப் பாடப் புத்தகத்தைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வில்லியனூர் பஸ் ஏறினார். அங்கே என்ன பேசினார் என்று முழுசாகச் சொல்லவில்லை. "நாலு எழுத்து படிச்சிட்டா ஆம்பளை மேலயே பழியைப் போடுவாளா?" என்று அக்கா மாமியார் கேட்டார்களாம். அதுமட்டும் எங்கள் காதுக்கு வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா தனியாக வந்தார், அக்காவின் வீட்டுக்காரர். குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே, "அது என்னமோ கட்டமாமே, சொல்லு பார்க்கலாம்" என்றார். எனக்கு நாக்கு புரளவில்லை. உள்ளே போய் மொச்சைக்கொட்டையும் புளியங்கொட்டையும் கொண்டுவந்தேன். அக்கா பக்கம் இரண்டு மொச்சை. மாமா பக்கம் ஒரு மொச்சை, ஒரு புளியங்கொட்டை. கண்ணை மூடிக்கொண்டு அவர் பக்கத்திலிருந்து ஒன்றை எடுக்கச் சொன்னேன். எடுத்ததைப் போட்டுவிட்டுத் திரும்பவும் எடுக்கச் சொன்னேன். பத்து தடவை எடுத்தார். ஆறு மொச்சை, நாலு புளியங்கொட்டை. இன்னும் ஒரு தடவை முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, "அப்போ இது யார் கையிலயும் இல்லை" என்றார்.

அவர் சொன்னதுதான் சரியான விஞ்ஞானம். பழியை மனைவி தலையிலிருந்து எடுத்துப் புருஷன் தலையில் வைப்பதற்கல்ல அந்தக் கட்டம். மூன்று பெண்ணுக்குப் பிறகு நாலாவது ஆணாகத்தான் இருக்கும் என்று சொல்வதற்கும் அதில் இடமில்லை; ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான். மாமா அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மூன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். மாமியார் கடைசி வரைக்கும் முணுமுணுத்தார்கள், அது வேறு. கருவிலேயே ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்க 1994ல் சட்டமே போட வேண்டி வந்தது என்றால், அந்த முணுமுணுப்பு எத்தனை வீடுகளில் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிளஸ் டூ முடித்த பிறகு என்னைக் காலேஜுக்கு அனுப்ப அப்பா யோசிக்கவே இல்லை. விலங்கியல் படித்து, பி.எட். முடித்து, 2024ல் ஓய்வு பெறும்வரை பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்தேன். வருஷா வருஷம் அந்தக் கட்டத்தை மட்டும் மொச்சைக்கொட்டையோடுதான் நடத்தினேன். கடைசி நாலைந்து வருஷங்களாகப் பிள்ளைகளின் கண்ணெல்லாம் நீட் தேர்வின் மேல். 720ல் உயிரியலுக்கு 360 மார்க் ஆயிற்றே! 'டீச்சர், இது நீட்டுல கேப்பாங்களா?' என்பார்கள். வீட்டில் கேப்பாங்க என்பேன்.

எங்கள் ஊரில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. எதிர் வீடு சொல்தா குடும்பம். அந்த வீட்டுப் பெண் படித்தது 1826ல் தொடங்கிய பிரெஞ்சு லிசேயில். அவள் எழுதிய 'பக்கலோரேயா' பள்ளி இறுதித் தேர்வுதான். ஆனால் நெப்போலியன் காலத்தில், 1808ல், அதை ஏற்படுத்தியபோதே பல்கலைக்கழகத்தின் முதல் படி என்று வைத்துவிட்டார்கள். ஒரே தெருவில் நான் ஸ்கூலில் காலேஜ் பாடம் படித்தேன். அவள் ஸ்கூல் பரீட்சையிலேயே காலேஜ் பட்டம் வாங்கினாள்!

இப்போது அக்காவின் பேத்தி அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் பதினோராம் வகுப்பு. 'ஏ.பி. பயாலஜி' எடுத்திருக்கிறாள். காலேஜ் முதல் வருடப் பாடத்தை ஹைஸ்கூலிலேயே நடத்துகிறார்கள். மே மாதம் மூன்று மணி நேரத் தேர்வு, மதிப்பெண் 1 முதல் 5 வரை. 3 வாங்கினாலே ஏற்றுக்கொள்ளும் கல்லூரிகள் உண்டு. 4, 5 கேட்பவையும் உண்டு. எதுவும் தராதவையும் உண்டு. ஏற்றுக்கொண்டால் காலேஜில் அந்தப் பாடத்தைத் திரும்பப் படிக்க வேண்டியதில்லை, பணமும் மிச்சம். அவர்களுக்கும் சவ்வூடு பரவலுக்கு உருளைக்கிழங்குதான்! வீடியோவில் காட்டினாள். "எடை போட்டுப் பார்க்கணும் சின்னப் பாட்டி, குண்டூசியெல்லாம் கிடையாது" என்றாள்.

அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அறுபத்தேழு வயது. "அது காலேஜ் பாடமாடி? ஸ்கூல்லயே சொல்லித் தராங்களா?" என்று இரண்டு தரம் கேட்டாள். அப்புறம் ஒவ்வொரு வாரமும் என்ன நடத்தினார்கள் என்று பேத்தியிடம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். போன வாரம் மரபியல். இந்தப் பெண் கட்டம் போட்டு விளக்கத் தொடங்கினதும், "அது எனக்குத் தெரியும், மேலே சொல்லு" என்றாளாம்.

தேர்வு முடிவு ஜூலையில் வரும். மணக்குள விநாயகருக்கு அக்கா இப்போதே வேண்டிக்கொண்டிருக்கிறாள். 5 வந்தால் ஐந்து தேங்காய், 4 வந்தால் நாலு.

"மூணு வந்தா என்னக்கா?" என்றேன்.

"மூணையும் சில காலேஜுல ஒத்துக்குவாங்களாமே? மூணு தேங்காய் உண்டு" என்றாள்.