உறுப்பும் உரைகல்லும்

வானொலி அலைகளால் இயக்கப்படும் மாதிரி ஹெலிகாப்டரைக் காண்போர் அதனை விளையாட்டுப் பொருள் என்றே கருதுவர். திடலின் நடுவே ஒருவர் கட்டுப்பாட்டுக் கருவியை ஏந்தி நிற்கிறார். முக்கால் கிலோ எடையுள்ள சிறு பொறி ரீங்காரமிட்டு எழுகிறது. அந்தரத்தில் அசையாது நிற்கிறது. பின்னர்த் தலைகீழாகவும் பறக்கிறது. சிறுவர் கைதட்டி மகிழ்கின்றனர். அக்காட்சியின் அழகில் மறைந்துபோகும் செய்தி ஒன்றைக் கணிதம் எடுத்துக்காட்டும்.

ஆர்வலர்கள் '450' என்று வழங்கும் வகுப்பைச் சேர்ந்த ஒரு பொறியைச் சான்றாகக் கொள்ளலாம். அதன் முதன்மை இறக்கை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 325 மில்லிமீட்டர் நீளமுடையது. இறக்கைகள் சுழலும் வட்டத்தின் விட்டம் ஏறக்குறைய 70 சென்டிமீட்டர். நிமிடத்திற்கு 2,800 முறை சுழலும்போது இறக்கையின் நுனி மணிக்கு 360 கிலோமீட்டருக்கும் மிகுந்த விரைவில் செல்கிறது. இறக்கையின் எடை 30 கிராம் என்றும், அதன் எடை மையம் அச்சிலிருந்து 20 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளது என்றும் கொள்வோமாயின், அதனைப் பற்றியிருக்கும் சிறு திருகாணி 50 கிலோ பாரத்தைத் தொங்கவிட்டாற்போன்ற இழுப்பைப் பறக்கும் நேரமெல்லாம் தாங்கியாக வேண்டும். இரண்டு இறக்கைகளுக்கிடையே ஒரே ஒரு கிராம் வேறுபாடு இருந்தாலும், ஏறத்தாழ ஒன்றே முக்கால் கிலோ அளவான விசை நொடிக்கு 46 முறைக்கு மேல் பொறியைச் சுற்றிச் சுற்றி உலுக்கும். 2013-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் ஓர் இளைஞர், தாமே இயக்கிய மாதிரி ஹெலிகாப்டர் தாக்கி உயிர் துறந்தார். ஆதலின், இப்பொறியில் ஓர் உறுப்பைக் கழற்றி வேறோர் உறுப்பைப் பொருத்துவது சட்டைக்குப் பொத்தான் மாற்றுவது போன்ற எளிய செயலன்று.

ஆயினும் உறுப்பு மாற்றும் ஆசை இத்துறையில் புகுந்த எவரையும் விடுவதில்லை. கடைகளில் அலுமினிய உறுப்புகள் நீலமும் சிவப்புமாக மின்னுகின்றன. கார்பன் இழையாலான இறக்கைகள், விரைந்து இயங்கும் செர்வோ மோட்டார்கள், உராய்வு குறைந்த பேரிங்குகள் என ஒவ்வொன்றும் 'மேம்பட்டது' என்னும் பெயருடன் விற்கப்படுகிறது. மாணவப் பருவத்து ஆர்வலன் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அந்த ஒரு சொல்லுக்கு எளிதில் இரையாகிவிடும்.

தேர்ந்த ஆர்வலர் முதலில் எழுப்பும் வினா, 'எது சிறந்தது?' என்பதன்று, 'எந்தக் குறையைப் போக்க இது தேவை?' என்பதே. பொறியின் வால் இடமும் வலமுமாக ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். விலையுயர்ந்த வால் செர்வோவை வாங்கிப் பொருத்துவதே தீர்வெனச் சிலர் முடிவு கட்டுவர். ஆனால் வால் ஆடுவதற்குக் காரணங்கள் பல. கைரோ கருவியின் உணர்திறன் மிகையாக வைக்கப்பட்டிருக்கலாம். வாலை இயக்கும் பட்டை தளர்ந்திருக்கலாம். இணைப்புக் கோல் இறுக்கமாக உரசலாம். முதன்மை அச்சு சற்றே வளைந்து பொறி முழுவதையும் அதிரச் செய்யலாம். நோயை அறியாது கொடுத்த மருந்து, நோயையும் தீர்க்காது. பணத்தையும் மீட்டுத் தராது.

குறை இன்னதெனத் தெளிந்த பின்னரும், வலிய உறுப்பே நல்ல உறுப்பு என்று கொள்வதற்கில்லை. இறக்கைகளைப் பற்றும் பிளாஸ்டிக் உறுப்புகள் நாளடைவில் தேய்ந்து ஆட்டம் கொடுக்கும் என்பது உண்மை. அலுமினிய உறுப்புகள் அவ்வாட்டத்தைக் குறைக்கும் என்பதும் உண்மை. ஆயின் பொறி தரையில் மோதும்போது எழும் விசை எங்கேனும் சென்று தீரவேண்டும். மலிவான பிளாஸ்டிக் உறுப்பு முறிந்து, தன் முறிவினாலேயே விலையுயர்ந்த உறுப்புகளைக் காத்துவிடும். அது மின்சுற்றில் உருகிப்போய் வீட்டைக் காக்கும் ஃபியூஸ் கம்பியை ஒத்தது. அவ்விடத்தில் அசையாத உலோகத்தை வைத்தால், அடி உள்ளே இறங்கி அச்சினையும் செர்வோவின் பற்களையும் சிதைக்கும். மேலும், உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்தில் திருகாணிகள் அதிர்வினால் தாமாகவே கழலும். அவற்றுக்குரிய பசையிட்டு இறுக்கவேண்டும்.

எடையும் எண்ணத்தக்கது. 750 கிராம் பொறியில் உலோக உறுப்புகளால் 50 கிராம் கூடியதெனின், மிதந்து நிற்கக் காற்றைக் கீழே தள்ளுவதற்கு வேண்டிய ஆற்றல் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு மிகும். மின்கலம் அந்த அளவுக்கு விரைவில் தீரும். மயிலிறகும் மிகுந்தால் வண்டியின் அச்சு இறும் என்று அறிந்த மரபினர்க்கு இது புதுச் செய்தியாகாது.

தேர்வுக்குப் பின் வருவது சோதனை. ஒரு நேரத்தில் ஓர் உறுப்பையே மாற்றுதல் வேண்டும். மூன்றை ஒருங்கே மாற்றினால், நேர்ந்த நன்மைக்கோ தீமைக்கோ எது காரணம் என்று கூற இயலாது. புதிய உறுப்பைப் பொருத்தியதும், இறக்கைகளைக் கழற்றிவிட்டு மோட்டாரை இயக்கி ஒலியையும் அதிர்வையும் கவனிப்பர். அடுத்து இறக்கைகளை நிறுத்துச் சமன்செய்து, நுனிகளில் இருவேறு நிறப் பட்டைகளை ஒட்டிச் சுழலவிடுவர். இரண்டு நிறங்களும் ஒரே தளத்தில் ஒன்றாகத் தெரியும்வரை கோணத்தைத் திருத்துவர். சுழலும் வட்டத்தின் தளத்தில் எவரும் நிற்றலாகாது. பின்னர்த் தாழ்வாகவும் தொலைவிலும் இரண்டு நிமிடம் மிதக்கவிட்டு இறக்கி, மோட்டாரின் சூட்டையும் திருகாணிகளின் இறுக்கத்தையும் பார்ப்பர். இவையெல்லாம் செம்மையாக அமைந்த பின்னரே உயரப் பறத்தல் முறையாகும்.

இத்துணை முறைகளையும் கைக்கொண்டவரையும் ஏமாற்றவல்லது ஒன்று உண்டு. அது வாங்கியவரின் சொந்த மனமே. பணத்தையும் எதிர்பார்ப்பையும் செலவிட்டு வாங்கிய உறுப்பு நன்றாக இருக்கவேண்டும் என்று அவர் விரும்புகிறார். அவ்விருப்பம் அவர் கண்ணுக்கு முன்னே சென்று நின்றுகொள்கிறது. காற்று ஓய்ந்த மாலையில் பொறி அமைதியாகப் பறந்தால் அப்புகழ் புதிய உறுப்புக்குப் போய்ச் சேருகிறது. ஆகவே நேர்மையான ஆர்வலர், எந்தக் குறை எவ்வளவு நீங்கவேண்டும் என்பதை உறுப்பைப் பொருத்துமுன் குறிப்பேட்டில் எழுதிவிடுகிறார். அதே மின்கலம், அதே சுழல்வேகம், ஒத்த காற்று ஆகியவற்றில் சோதிக்கிறார். மாற்றம் இன்னதென்று சொல்லாமல் நண்பரிடம் கருவியைக் கொடுத்துப் பறக்கச் செய்து கருத்துக் கேட்கிறார். இறுதியாகப் பழைய உறுப்பையே மீண்டும் பொருத்திப் பார்க்கிறார். குறை திரும்ப வந்தால் புதிய உறுப்பு வென்றது. வராவிட்டால் மாறியது வேறு ஏதோ ஒன்று. இந்த இறுதிப் படியைச் செய்வோர் சிலரே. பாடுபட்டுப் பொருத்தியதைத் தம் கையாலேயே கழற்றுவதற்கு மனத்திண்மை வேண்டும்.

இம்மனத்திண்மைக்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. 1905-இல் பிறந்து, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்ற ஆர்தர் யங் என்னும் அமெரிக்கர், 1930-களில் பென்சில்வேனியாவில் தனியொருவராகச் சிறு மாதிரி ஹெலிகாப்டர்களைச் செய்து சோதித்து வந்தார். மின்மோட்டாரால் இயங்கிய அம்மாதிரிகள் விழுந்து நொறுங்கிய ஒவ்வொரு முறையும் அவர் காரணத்தைத் தேடினார். இறக்கைகளுக்குக் குறுக்கே, இரு முனைகளிலும் எடை பொருத்திய ஒரு நிலைப்படுத்து தண்டினைச் சேர்த்தபோது அவரது பொறி அந்தரத்தில் நிலைத்து நின்றது. 1941-இல் அவர் தம் மாதிரியை பெல் நிறுவனத்தாரிடம் பறக்கவிட்டுக் காட்டினார். அதே ஆண்டில் அந்நிறுவனத்தில் சேர்ந்து அவர் உருவாக்கிய 'பெல் 47' ஹெலிகாப்டர், 1946 மார்ச்சு 8-ஆம் நாள் அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்பாட்டுக்குரிய சான்றிதழைப் பெற்ற முதல் ஹெலிகாப்டராயிற்று. மனிதரைச் சுமந்த அப்பொறிக்கு வழிகாட்டியது விளையாட்டுப் பொருள் போன்றதொரு மாதிரியே.

இலகுவான மாதிரி ஹெலிகாப்டர்களிலும் அத்தகைய நிலைப்படுத்து தண்டு பல்லாண்டுகள் இன்றியமையாததாக விளங்கிற்று. 2000-களின் இறுதியில் மூன்று அச்சுகளின் அசைவையும் உணரும் மின்னணுக் கருவிகள் பரவியபோது, அத்தண்டு மெல்ல மெல்ல நீக்கப்பட்டது. ஒரு தலைமுறை வியந்து சேர்த்த உறுப்பை அடுத்த தலைமுறை கழற்றி வைத்தது. சேர்த்தவரும் பிழை செய்யவில்லை; கழற்றியவரும் பிழை செய்யவில்லை. இரு சாராரும் பறக்கவிட்டுப் பார்த்தே முடிவு செய்தனர். பெயரையும் விலையையும் கண்டு மயங்காது, கண்டதைக் கண்டவாறே குறிப்பேட்டில் எழுதும் பழக்கம் மாணவப் பருவத்திலேயே ஒருவனுக்கு வாய்த்துவிட்டால், அவன் கையிலுள்ள பொறி சிறிதாயினும் அவன் கற்கும் கல்வி பெரிதாகும்.