டைட்டில் கார்டும் ஒரு பாட்டில் இந்தியன் இங்க்கும்

பி.காம் படிக்கிறவனுக்கும் மோஷன் கிராஃபிக்ஸுக்கும் என்னடா சம்பந்தம்னு கேக்கப் போறவங்க இப்பவே கேட்டுடுங்க. ஒரு சம்பந்தமும் இல்லை :-) காஸ்ட் அக்கவுன்டிங் பரீட்சைக்கு முந்தின வாரம்தான் எனக்கு இந்த மாதிரி ஆர்வமெல்லாம் பொங்கி வழியும்.

மேட்டர் இதுதான். எங்க கிளாஸ் பையன் ஒருத்தன் 9 நிமிஷத்துக்கு ஒரு குறும்படம் எடுத்திருக்கான். அவன் அம்மா நொச்சிக்குப்பத்துல மீன் விக்கிறவங்க. சாந்தோம் லூப் ரோட்டு ஓரத்துல வருஷக்கணக்கா உக்காந்து வித்தவங்க, 2024-ல திறந்த புது மீன் அங்காடிக்குள்ள போனதுதான் கதை. படத்தோட பேரு 'கூறு'. (மீனைக் கூறு கட்டி வைப்பாங்களே, அதுதான். 'சொல்லு'ன்னும் எடுத்துக்கலாம்.) "டைட்டில் மட்டும் பழைய பத்திரிகைல மையால வரைஞ்ச மாதிரி வேணும் மச்சி"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான்.

இதுக்கு ஊர் உலகத்துல செய்யற வழி ஒண்ணு இருக்கு. கையெழுத்து மாதிரி ஒரு ஃபான்ட், மேல மை தெறிச்ச மாதிரி ஒரு வீடியோ, பின்னாடி பழுப்புக் காகிதம். அரை மணி நேர வேலை. ஆனா ஃபான்ட்ல ரெண்டு 'க' அடிச்சுப் பாருங்க, ரெண்டும் அச்சு அசல் ஒண்ணா இருக்கும். எந்தக் கை அப்படி எழுதும்?

எங்க தாத்தா 'தில்லானா மோகனாம்பாள்' தொடரை விகடன்லேர்ந்து கிழிச்சு பைண்டு பண்ணி வெச்சிருந்தார். கொத்தமங்கலம் சுப்பு எழுத்து, கோபுலு படம். அதுல ஒரு புடவை மடிப்பை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தேன். கோடு மெல்லிசா ஆரம்பிச்சு, நடுவுல தடிச்சு, முடியறப்போ மறுபடி மெலியுது. தொட்டு எழுதற பேனாவுல நிப்பு ரெண்டா பிளந்திருக்கும். அழுத்தினா பிளவு விரியும், மை அதிகம் இறங்கும். ஆக அந்தத் தடிமன்ங்கிறது அலங்காரம் இல்லை, கை எங்கே அழுத்துச்சுங்கிறதோட பதிவு. (கோபுலுவுக்கு வயசான காலத்துல பக்கவாதத்தால வலது கை வராம போச்சு. இடது கையைப் பழக்கி வரைஞ்சார். 2015-ல காலமானார். இதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு வேற வேலையே ஓடலை.)

சினிமா டைட்டில்ல கையைக் காட்டினவங்கன்னா எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது பாப்லோ ஃபெர்ரோ. 1964-ல வந்த 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' டைட்டில் முழுக்க அவர் கையால எழுதின ஒல்லி ஒல்லி எழுத்து. 'பேஸ்டு ஆன்'னு இருக்க வேண்டிய இடத்துல 'பேஸ் ஆன்'னு எழுதிட்டார், இன்னிக்கும் படத்துல அப்படியே இருக்கு. நம்ம பக்கம் 2017-ல 'விக்ரம் வேதா' ஆரம்பத்துல விக்கிரமாதித்தன் வேதாளம் கதையை அனிமேஷன்லயே சொல்லிடுவாங்க, பார்த்திருப்பீங்க.

சரி, நம்ம கதைக்கு வருவோம். கச்சேரி ரோட்டுக் கடையில ஒரு பாட்டில் இந்தியன் இங்க், ரெண்டு நிப்பு, கொஞ்சம் டிராயிங் பேப்பர் வாங்கினோம். எழுதினது நான் இல்லை, அவன் அம்மா. அஞ்சாவது வரைக்கும் படிச்சவங்க. கடன் கணக்கு நோட்டு ஒண்ணு வெச்சிருக்காங்க, யாரு எவ்வளவு தரணும்னு. எங்க டபுள் என்ட்ரிக்கெல்லாம் அடங்காத நோட்டு அது, ஆனா ஒரு ரூபா தப்பாது. அவங்க எழுதின இருபது 'கூறு'ல ஒண்ணைப் பிடிச்சோம். 'று'வோட வால்ல மை சொட்டி இருந்தது. அதுக்காகவேதான் அது.

அதை ஸ்கேன் பண்ணி ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல ஏத்தியாச்சு. எழுத்து மேலயே தடிமனா ஒரு கோடு வரைஞ்சு, அதை டிராக் மேட்டா வெச்சு, டிரிம் பாத்ஸ்ல ஓட விட்டா, கோடு போகப் போக அடியில இருக்கிற எழுத்து தெரியும். எழுதற மாதிரியே இருக்கும். 'கூ' மாதிரி சுழிச்சு வளையற எழுத்துல ஒரு தொல்லை: கோடு ஒரு பக்கம் போறப்பவே பக்கத்துல இருக்கிற சுழி எட்டிப் பார்க்கும். அதனால ஒவ்வொரு இழுப்பையும் தனி லேயரா வெட்டணும்.

வெட்டி, ஓட விட்டு, அவங்ககிட்ட காட்டினோம். பார்த்துட்டு, "எய்த்து என்துதான் கண்ணு. ஆனா நான் எய்துற மாதிரி இல்லியே. நான் இன்னா இப்பிடி வழுக்கினா போவேன்?"னாங்க.

வழுக்கிக்கிட்டுதான் போச்சு. கம்ப்யூட்டர் முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளி வரைக்கும் ஒரே வேகத்துல இழுத்துட்டுப் போகுது. மறுநாள் போன்ல மேலேர்ந்து அவங்க கையைப் படம் பிடிச்சு, ஃபிரேம் ஃபிரேமா எண்ணினோம். 'கூ' எழுத ஒரு செகண்டுக்கு மேல ஆகுது. அப்புறம் அரை செகண்டு பேனா தாளைத் தொடாம காத்துல நிக்குது. 'ற'வை மெதுவா கட்டறாங்க. மறுபடி ஒரு நிறுத்தம். கடைசி வால் மட்டும் மூணே ஃபிரேம், விசுக்குனு. அந்தக் கணக்கையே டைம்லைன்ல போட்டேன். காகிதம், தெறிப்பு எதையும் தொடலை, நேரத்தை மட்டும்தான் மாத்தினேன். மறுபடி காட்டினப்போ அவங்க ஒண்ணும் சொல்லலை. பேனா நிக்கிற இடத்துல அவங்க விரலும் முந்தானையில நின்னுது.

எழுதி முடிச்ச எழுத்து செத்துப்போய் நிக்கக் கூடாது இல்லையா, அதுக்கு ஜன்னல் கண்ணாடியில ஒட்டி அதே எழுத்தை மூணு தடவை டிரேஸ் பண்ணி மாத்தி மாத்தி ஓட விடணும். செகண்டுக்கு 24 ஃபிரேம், ஒரு படத்துக்கு ரெண்டு ஃபிரேம். எழுத்து மூச்சு விடற மாதிரி இருக்கும். ரொம்ப ஆடினா ஜுரம் வந்த மாதிரி ஆயிடும், ஜாக்கிரதை.

அடுத்து எங்க பேரெல்லாம். கடன் நோட்டு மாதிரியே வரிசையா எழுதி, தீர்ந்த கணக்கை அடிக்கிற மாதிரி அவங்களே ஒவ்வொரு பேரையும் ஒரு கோடு போட்டு அடிக்கட்டும்னு எனக்கு ஐடியா. அவன் துள்ளிக் குதிச்சான். அவங்க பேனாவைக் கீழே வெச்சுட்டாங்க.

"உசுரோட இருக்கிற புள்ளைங்க பேர அடிக்கச் சொல்றியே தம்பி?"

நோட்டைத் திருப்பிக் காட்டினாங்க. எல்லாப் பக்கத்துலயும் தொகையைத்தான் அடிச்சிருக்காங்க. ஒரு பேரு மேலயும் கோடு இல்லை. அப்புறம் அவங்களாவே பேனாவை எடுத்து, ஒவ்வொரு பேருக்குப் பக்கத்துலயும் ஒரு டிக் போட்டாங்க. மொத்தம் ஏழு பேரு, ஏழு டிக், ஏழும் ஏழு விதம். அவன் பேருக்குப் போட்டது மட்டும் பேரை விடப் பெருசு.